அடிவாரம்

சவுலேதேகிஸ் என்றால் சூரியோதயம்.
வில்னியஸ் நகரின் அந்த ஓரத்தில்
சன்னல் இல்லாத நிலவறைதான்
தங்குவோலேயின் சோதனைக்கூடம்.

பகலில் அளக்க முடியாது.
மேலே சாலையில் பஸ் திரும்பும்போதெல்லாம்
எட்டாவது கண்ணாடிக்கு நடுக்கம் வரும்.
கடைசி வண்டி போய் முதல் வண்டி வருமுன்
கிடைக்கிற நான்கு மணி நேரத்தில்
ஒரு நொடியைக் கோடியாக நறுக்கி,
அதில் ஒரு துணுக்கை
மறுபடி கோடியாக நறுக்கி,
ஏழெட்டுத் துணுக்கு நீளத்தில்
ஒரு லேசர் துடிப்பைத் தேடினாள்.

நம் இலக்கணக்காரர்களுக்குக்
கண்ணிமைத்தால் ஒரு மாத்திரை.
மகரம் குறுகினால் கால்.
காதுக்கு அதுவே கடைசிப் படி,
கீழே இறங்கும் தேவை இருக்கவில்லை.
இவளுடைய கணக்கில்
ஓர் இமைப்பு என்பது
கற்பாறை மணலாகிற காலம்.

இத்தனை சிறியதை எதைக்கொண்டு அளப்பது?
அதைவிடச் சின்ன அளவுகோல் கிடையாது.
எனவே துடிப்பை இரண்டாகப் பிரித்து
ஒரு பாதியைச் சுற்றுவழியில் அனுப்பிப்
படிகத்துக்குள் மறுபாதியைச் சந்திக்க வைப்பார்கள்.
இரண்டும் ஒரே சமயம் வந்தால் மட்டும்
நடுவில் மூன்றாவதாய் ஒரு கீற்று பிறக்கும்.
சுற்றுவழியைக் கூட்டிக் குறைக்க
ஸெனோனாஸ் கடைந்த திருகு ஒன்று.
ஒரு பல் நகர்த்தினால்
மயிரிழையில் பத்திலொரு பங்கு.

எண்பத்தாறு நவம்பரில்
வரைதாளில் ஊசிபோல் ஒரு முகடு எழுந்தது.
ஸெனோனாஸ் பீக்கரில் பிராந்தி ஊற்றினார்.
மாஸ்கோவிலிருந்து தந்தி.
வீட்டுக்காகக் காத்திருந்த வரிசையில் அவர்
நாற்பது இடம் முன்னே போனார்.

தொண்ணூறு வசந்தத்தில் தடை.
பெட்ரோல் இல்லை, குழாயில் வெந்நீர் இல்லை.
சாலை ஊமையானதில்
முதல்முறையாகப் பகலில் அளந்தாள்,
கோட்டைக் கழற்றாமலே.
நேரம்தான் இருக்கிறதே என்று
திருகை அதன் கடைசிப் பல்வரை ஓட்டினாள்.

முகட்டுக்கு இருபுறமும்
தாழ்ந்து, பரந்து, ஓர் அடிவாரம்.

பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.
அன்று எங்கே வெட்டியிருந்தார்களோ
சரியாக அங்கேதான் அது தொடங்கியது.
ஊசி, துடிப்பே அல்ல.
ஒழுங்கற்ற இரைச்சல் ஒன்று
தன்மேல் தானே பொருந்தும் கணத்தில்
எழுகிற கூர்.
சந்தைக் கூச்சலை இரண்டாகப் பிரித்து
ஒன்றின்மேல் ஒன்று வைத்தாலும் எழும்.

யாரும் கேட்கவில்லை.
நாடே புதிதாக எண்ணத் தொடங்கியிருந்தது,
எண்பத்தாறு யாருக்கு வேண்டும்?
ஒரு பக்கம் எழுதினாள்.
"நாங்கள் அறிவித்தது துடிப்பன்று."
"நாங்கள் இல்லை, நீ," என்றார் ஸெனோனாஸ்.
கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு
படியேறிப் போனார்.
திருகை விட்டுவிட்டார்.

பிறகு சாயக்கரைசல் போய் நீலக்கல் வந்தது.
இருபத்தெட்டு ஃபெம்டோ நொடி,
அடிவாரம் இல்லாமல், நிஜமாகவே.
அவளிடம் படித்தவர்கள் கம்பெனி தொடங்கி
ஒசாகாவுக்குப் பெட்டி பெட்டியாய் லேசர் அனுப்பினார்கள்.
எதையும் கடைசிப் பல்வரை ஓட்டாமல் நம்பமாட்டாள் என்று
முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு பெயர்:
அடிவார அம்மணி.
அவளுக்கும் அது தெரியும்.

பதினோரு வருடம் கழித்து ஒரு பிப்ரவரி,
பின்னிரவு இரண்டரை மணி.
அந்த நேரத்தில் அவள் எங்கிருப்பாள் என்று
தெரிந்த ஒரே ஆள் கூப்பிட்டார்.

"அந்த அடிவாரம். எத்தனை அகலம்?"

"நான்கு பிக்கோ நொடி."

கம்பியில் கொஞ்சம் இரைச்சல்.

"எண்பத்தாறுக்கு அதுவும் மோசமில்லை," என்றார்.
பிறகு, "திருகு இருக்கிறதா?"

"இருக்கிறது. மாதம் ஒருமுறை எண்ணெய் போடுகிறேன்."

"எண்ணெயா? கடவுளே.
உலர்ந்து ஓடத்தானே அதைக் கடைந்தேன்."

போனை வைத்துவிட்டுத்
துணியும் பல்குச்சியும் எடுத்து உட்கார்ந்தாள்.
பல் பல்லாகத் துடைத்து முடிக்கையில்
மேலே முதல் பஸ் திரும்பியது.
அன்றிரவு எதையும் அளக்கவில்லை.